கழுத்துக்குள் ஒரு வளைவு

முதலில் அது ஒரு சத்தமாகத்தான் வந்தது. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால், பக்கத்து வீட்டில் யாரோ தையல் மெஷினை நிதானமாக மிதித்துக்கொண்டிருப்பது போலக் காதுக்குள் கேட்கும். டக், டக், டக். மந்தைவெளியில் எங்கள் சந்தில் தையல் மெஷின் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அதனால் அது என் மெஷின்தான் என்றும், நான் படுத்த பிறகும் பாவம் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்றும் அரைத்தூக்கத்தில் நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு இதமாகக்கூட இருந்தது. முடிக்க வேண்டிய ஜாக்கெட்டுகளை யாரோ முடித்துத் தருகிறார்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

பிறகு நோன்பு மாதம் வந்தது. மாலையில் பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டு, பள்ளிவாசல் கஞ்சியில் முதல் வாயை விழுங்கியபோது தொண்டையின் பின்பக்கம் ஏதோ இருந்தது. வலி இல்லை. ஒரு உருண்டை. கஞ்சி அதைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது. மறுநாளும் அப்படியே. பெருநாள் தையல் கழுத்தை நெரிக்கிற நேரத்தில் கழுத்துக்குள் இருப்பதை யார் கவனிப்பது? சளி என்று விட்டுவிட்டேன்.

என் தொழிலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நடந்த கூத்துக்கு அதுதான் காரணம். என் பெயர் கரீம். மயிலாப்பூர், மந்தைவெளிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தே இந்த வயதுக்கு வந்திருக்கிறேன். ஆனால் இதுவரை எந்தப் பெண் தோளிலும் இன்ச் டேப்பை வைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் அது வழக்கம் கிடையாது. அவர்கள் ‘அளவு ஜாக்கெட்’ கொண்டு வருவார்கள். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்று. அதை மேசையில் விரித்து, தோள், மார்பு, கைக்குழி, கழுத்து என்று அளந்து, அதே அளவில் புதியதை வெட்டுவேன். பலர் அதை என்னிடமே விட்டுவைத்திருக்கிறார்கள். அலமாரி நிறையப் பெயர் எழுதிய துணிப்பைகள். ஆட்களை நிமிர்ந்து பார்க்காமலே அவர்களுடைய கழுத்து எனக்கு மனப்பாடம்.

என் மனைவி ஷம்ஷாத். ஹெம்மிங், ஹூக், பட்டன் எல்லாம் அவள் கைவேலை. நான் விழுங்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்ப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். அவளுக்கு அதில் ஒரு பழைய பயம் உண்டு. அவளைப் பெற்ற அத்தா தொண்டையில் வந்த கட்டியைச் சளி, சளி என்று சொல்லியே காலத்தைக் கடத்தி, கடைசியில் பேச்சே இல்லாமல் போய்ச் சேர்ந்தவர். பெருநாள் முடிந்த கையோடு என்னை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, மொபைல் டார்ச்சை வாய்க்குள் அடித்தாள்.

“ஆ காட்டுங்க.”

“நீ என்ன டாக்டரா?”

“காட்டுங்கன்னா காட்டுங்களேன்.”

காட்டினேன். டார்ச்சைத் தாழ்த்தியும் உயர்த்தியும் பார்த்தாள். பிறகு டார்ச்சை அணைத்தாள். “வலது பக்கம் புடைச்சுக்கிட்டு இருக்குங்க,” என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

அடையாறு பக்கம் உள்ள ஒரு மருத்துவமனைக்குப் போனோம். காது, மூக்கு, தொண்டைப் பிரிவின் வெளியே நீளமான பெஞ்சு. எல்லோரும் விழுங்கிக்கொண்டே இருந்தார்கள். தொண்டையில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துவிட்டால் மனிதன் விழுங்குவதை நிறுத்தமாட்டான் போலிருக்கிறது. மேலே மின்விசிறி சோம்பேறித்தனமாகச் சுற்ற, டோக்கன் நம்பரைக் கூப்பிடும் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல வந்தது. நான் கொஞ்சம் தூங்கிக்கூடப் போனேன்.

உள்ளே ஒரு இளைஞர். பயிற்சியில் இருக்கும் டாக்டர் என்று நினைக்கிறேன். மூக்கில் கசப்பான மருந்தை அடித்து மரத்துப்போகச் செய்து, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டார். அதன் நுனியில் காமிரா. பக்கத்தில் இருந்த திரையில் என் தொண்டை, ஈரமாகச் சிவந்து, யாரும் குடியிருக்காத ஒரு குகையாகத் தெரிந்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்ததால் சீக்கிரமே வெளியே எடுத்துவிட்டார்.

“பின் சுவர்ல ஒரு வீக்கம் இருக்குங்க. மேல் தோல் நல்லா இருக்கு, உள்ளேதான் ஏதோ. ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துடலாம். பயாப்ஸி.”

பயாப்ஸி என்றால் வேறொன்றும் இல்லை. சந்தேகப்படுகிற இடத்தில் சிறிதாக வெட்டி எடுத்து, அது நல்ல சதையா கெட்ட சதையா என்று சோதனைக்கூடத்தில் பார்ப்பது. துணி வாங்கும் முன் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பார்ப்போமே, அந்த மாதிரி. ஷம்ஷாத் உடனே, “வெட்டி எடுத்துடுங்க டாக்டர், மொத்தமாவே எடுத்துடுங்க,” என்றாள்.

“முதல்ல என்னன்னு பார்ப்போம்மா. கழுத்துக்கு ஸ்கேன் ஏதாச்சும் எடுத்திருக்கீங்களா?”

எடுத்திருந்தோம். முன்பு ஒரு சமயம் எனக்கு அடிக்கடி தலைசுற்றல் வந்தபோது, கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களையெல்லாம் ஸ்கேன் எடுத்து, கோளாறு ஒன்றுமில்லை, பிரஷர்தான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் படங்களை ஷம்ஷாத் பட்டுத்துணி மாதிரி வெள்ளைத்துணியில் சுற்றி பீரோ மேல் வைத்திருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அன்று கொண்டும் வந்திருந்தாள்.

டாக்டர் அதைப் புரட்டினார். “ரத்தக்குழாய் எல்லாம் நார்மல். நல்லது. இது சமீபத்துல எடுத்ததுதானே?”

இங்கேதான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். முந்தின நாள்தான் என் கழுத்தை இன்ச் டேப்பால் அளந்து பார்த்திருந்தேன். வீங்கியிருக்கிறதா என்று ஒரு சந்தேகம். கல்யாணச் சட்டையின் காலருக்கு எடுத்த அதே அளவு, கால் இஞ்சு கூடவில்லை, குறையவில்லை. அளவு மாறவில்லை என்றால் பழைய ஸ்கேனும் புதிய ஸ்கேனும் ஒன்றுதானே? இருபது வருடத்து அளவு ஜாக்கெட்டை வைத்துத் தைக்கிறவனுக்கு வேறெப்படித் தோன்றும்?

“ஆமா டாக்டர், அளவெல்லாம் அதேதான்,” என்றேன்.

அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். ‘ஸ்கேன் நார்மல்’ என்று எழுதி, பெரிய டாக்டரின் பட்டியலில் என்னைச் சேர்த்துவிட்டார்.

முதல் நாளே வந்து படுக்கச் சொன்னார்கள். மருத்துவமனையில் படுத்துவிட்டால் நேரம் வேறு மாதிரி நடக்கிறது. எனக்குக் கிடைத்தது ஜன்னலோரப் படுக்கை. வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் உச்சிக் கிளைகள் எங்கள் மாடி உயரத்துக்கு வந்திருந்தன. மதிய வெயிலில் அதன் இலைகள் மூடுவதும் திறப்பதுமாகத் தெரிந்தன. உண்மையில் என் கண்கள்தான் மூடித் திறந்திருக்கும். ஆற்றுப் பக்கமிருந்து உப்புக் காற்று வந்தது. காதுக்குள் அந்த மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் செத்துப்போனால் அதை யார் நிறுத்துவார்கள் என்று யோசித்தேன். பயந்து அல்ல, யாரோ ஒருவருடைய விஷயத்தைப் போல. பயம் சற்றுப் பொறுத்துத்தான் வந்தது, சாப்பாட்டுத் தட்டு வரும் சத்தத்தோடு சேர்ந்து.

பக்கத்துப் படுக்கையில் எத்திராஜ் என்று ஒரு ஆட்டோ டிரைவர். மூக்கில் ஆபரேஷன் முடிந்து, இரண்டு துவாரத்திலும் பஞ்சை அடைத்து வைத்திருந்தார்கள்.

“இன்னா பாய், கண்ணு கலங்கிக்கினு கீது?”

“ஒண்ணுமில்ல, தூசு.”

“தூசாம். ஆஸ்பத்திரில ஏது தூசு? நைனா, எனக்கு மூக்கு எலும்பு பொறந்ததிலேர்ந்தே கோணலா கீதாம். நேராக்கிட்டாங்கோ. இப்போ எலும்பு நேரா கீது, மூச்சுதான் வர மாட்டேங்குது.” தன் ஜோக்குக்குச் சிரிக்கப்போய், வலி தாங்காமல் மெத்தையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தன் பக்கமிருந்த டேபிள் ஃபேனைச் சத்தமில்லாமல் என் பக்கம் திருப்பி வைத்தார். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

ஷம்ஷாத் வீட்டிலிருந்து கஞ்சியை வடிகட்டி ஃபிளாஸ்க்கில் கொண்டு வந்தாள். உருண்டையில் எதுவும் தட்டிவிடக் கூடாதாம். நான் குடிக்கும்போது என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நாளைக்கு இந்நேரம் அது போயிருக்கும்,” என்றாள். அவள் கட்டியைச் சொல்கிறாள் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

பார்வையாளர் நேரத்தில் வந்தவர் ஜெயா மாமி. மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறவர், என் மிகப் பழைய வாடிக்கையாளர். ஒரு கையில் இஞ்சி மொறப்பா டப்பா, இன்னொரு கையில் துணிப்பை. என் துணிப்பை. அதைப் பார்த்ததுமே வம்பு என்று தெரிந்துவிட்டது.

“கடை பூட்டியிருக்கேன்னு விசாரிச்சேன். சந்துல எல்லாரும் சொன்னா. இப்போ எப்படி இருக்கேள்?” உட்கார்ந்து, இரண்டு நிமிடம் உண்மையாகவே கவலைப்பட்டார். அப்புறம் பையைத் திறந்தார். “ஒடம்பு சரியில்லாதவர்கிட்ட கேக்கக் கூடாதுதான். ஆனா வர மாசம் ஆத்துல சதாபிஷேகம். இவருக்கு எண்பது முடியறது. இந்த ஜாக்கெட் தோள்லேர்ந்து நழுவறது பாய்.”

“அளவு ஜாக்கெட்படிதானே தைச்சேன் மாமி?”

“அது எந்தக் காலத்து ஜாக்கெட்! என் வயத்து ஆபரேஷனுக்கு முன்னாடி கொடுத்தது. அதுக்கப்புறம் நான் பாதியாப் போயிட்டேன். ஒரு தரமாவது நிமிர்ந்து பார்த்தேளா?”

“நான் ஜாக்கெட்டைத்தான் மாமி பார்ப்பேன்.”

“நன்னாயிருக்கு போங்கோ. நீங்க அந்த ஜாக்கெட்டுக்குத்தான் ஜாக்கெட் தைச்சிருக்கேள். எனக்குத் தைக்கலை.”

எத்திராஜ் சிரித்து, மறுபடி மெத்தையைப் பிடித்தார். மாமியும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், மாமியை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்துக்கொண்டே. எவ்வளவு மெலிந்துவிட்டார்! தோள் எலும்பு புடவைக்கு வெளியே தெரிந்தது. ஜாக்கெட் அவரை மறந்துவிட்டுத் தன் பாட்டுக்கு நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பீரோ மேல் வெள்ளைத்துணியில் சுற்றி வைத்திருந்த அந்தப் படங்கள் ஞாபகம் வந்தன.

மாமி போனதும் ஷம்ஷாதிடம் சொன்னேன். “அந்த ஸ்கேன் பழசு. டாக்டர்கிட்ட சொல்லணும்.”

அவள் முகம் சட்டென்று இறுகியது. “சொன்னா என்ன ஆகும்? மறுபடி ஸ்கேன்பாங்க, தேதி தள்ளிப்போகும். எங்க அத்தாவுக்கும் அப்படித்தான். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு. வேணாங்க. நாளைக்கு எடுத்துடட்டும்.”

“உள்ளே என்ன இருக்குன்னு தெரியாம எப்படி எடுப்பாங்க?”

“அவங்க படிச்சவங்க. உங்களை மாதிரி இன்ச் டேப்பை வெச்சா பார்ப்பாங்க?” சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுதால் எனக்கு வாதம் செய்ய வராது. காலையில் டாக்டரைப் பார்த்ததும் நானே சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு படுத்துக்கொண்டேன்.

காலையில் என்ன நடந்தது என்றால், பதற்றம் குறைவதற்கு என்று நர்ஸ் ஒரு மாத்திரை கொடுத்தார். இதமான மாத்திரை. கொஞ்ச நேரத்தில் கட்டில், மரம், எத்திராஜின் பஞ்சு மூக்கு எல்லாம் மெல்லிய மஸ்லின் துணிக்குப் பின்னால் போய்விட்டன. பச்சை அங்கியில் என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றித் தள்ளினார்கள். கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வாய் திறக்கிறது. ஆனால் சொல் வருவதற்குள் விளக்கு ஒன்று போய் அடுத்தது வந்துவிடுகிறது. பெரிய டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். நரைமுடியைக் கொண்டை போட்ட அம்மா, தாழ்ந்த குரல். “கரீம் பாய், எப்படி இருக்கீங்க? ஏதாவது கேக்கணுமா?” என்றார்.

என் கை கழுத்துக்குப் போனது. விரல்களால் அளக்க முயன்றேன், சாண் போடுவது போல. ஒரு சொல்லும் வரவில்லை. அப்படியே மிதந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான், கூடவே நடந்து வந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்த ஷம்ஷாத் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்து நிறுத்தினாள். அவள் அந்தக் கட்டி போக வேண்டும் என்று நான்கு நாளாகத் துஆ செய்துகொண்டிருந்தவள். தள்ளிப்போட்டால் நான் அவளுடைய அத்தா மாதிரி ஆகிவிடுவேன் என்று உறுதியாக நம்பியவள்.

“டாக்டர், அந்த ஸ்கேன் பழசு,” என்றாள். “ரொம்பப் பழசு. பத்து வருஷத்துக்கு மேல இருக்கும். புதுசுன்னு தப்பா எழுதிட்டாங்க. இவரு சொல்லத் தெரியாம சொல்லிட்டாரு.”

டாக்டர் கோபப்படவில்லை. “எப்படியும் வெட்டறதுக்கு முன்னாடி தொட்டுப் பார்த்துட்டுத்தான்மா வெட்டுவேன். ஆனா மயக்கம் கொடுக்கறதுக்கு முன்னாடியே சொன்னீங்களே, அது பெரிய விஷயம்,” என்றார். கையுறையை மாட்டிக்கொண்டு, “பாய், வாயைத் திறங்க, ஒரு நிமிஷம்தான்,” என்றார்.

அவருடைய விரல் என் தொண்டையின் பின் சுவரைத் தொட்டது. நான் குமட்டவில்லை. மாத்திரை அதையும் தூங்கவைத்திருந்தது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு மட்டும் கேட்டது, காதுக்குள், டக், டக், டக். அவர் தலை அதே கணக்கில் மிக லேசாக அசைந்தது. நான் இத்தனை மாதமாகத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்ததை இன்னொருவர் விரலால் கேட்கிறார் என்று புரிந்தது.

“இது துடிக்குது,” என்றார். “ஆபரேஷன் இல்ல. ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

புதிய ஸ்கேன் வித்தியாசமான அனுபவம். கையில் ஏற்றிய ஊசி வழியாக ஒரு மருந்தைச் செலுத்துவார்கள். அது ரத்தத்தோடு கலந்து ஓடும்போது ரத்தக்குழாய்கள் மட்டும் படத்தில் பளிச்சென்று தெரியும். மருந்து ஏறியதும் கழுத்தில் ஒரு சூடு, பிறகு நெஞ்சில், பிறகு இடுப்புக்குக் கீழே. அங்கியை நனைத்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றும். நனையாது, பயப்பட வேண்டாம். வட்டமான அந்த மெஷினுக்குள் போய் வரும்போது யாரோ என்னைச் சுற்றி ஒரு காலரை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கனவு கண்டேன்.

மாலையில் டாக்டர் எங்களைத் தன் அறைக்கு அழைத்தார். திரையில் பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் பக்கத்தில். பழையதில், நெஞ்சிலிருந்து கிளம்பும் பெரிய குழாய் தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிந்து, அதில் ஒன்று கழுத்தின் ஓரமாகவே நேராக மூளைக்கு ஏறியது. அதன் பெயர் கரோட்டிட் என்றார். புதியதில் அதே குழாய் பாதி வழியில் நடுப்பக்கமாக ஒதுங்கி, தொண்டைச் சுவருக்கு நேர் பின்னால் ஒரு வளைவு வளைந்து, மறுபடி தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. நான் கட்டி என்றும் உருண்டை என்றும் நினைத்தது அந்த வளைவைத்தான். என் மூளைக்குப் போகிற ரத்தத்தில் பாதி அதன் வழியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“இதுல ஒரு துணுக்கு எடுத்திருந்தா?” என்றேன்.

டாக்டர் திரையில் அந்த வளைவைப் பெரிதாக்கிக் காட்டினார். ஷம்ஷாத் என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

“எங்க புத்தகத்துல ஒரே ஒரு கழுத்துதான் வரைஞ்சிருக்கும் பாய்,” என்று பிறகு சொன்னார். “வேலைக்கு வந்தா அந்தக் கழுத்து உள்ள ஆளைத் தேடணும். சிலருக்கு இந்தக் குழாய் கீழேயே பிரியும், சிலருக்கு ரொம்ப மேலே போய்ப் பிரியும். சிலருக்கு இடது பக்கக் குழாய் தனியா முளைக்காம, வலது பக்கத்தோட ஒரே அடியிலேர்ந்து கிளம்பும். பிடரிப் பக்கம் ஏறுற ரெண்டு குழாய்ல ஒண்ணு பருமனாவும் ஒண்ணு நூலாவும் இருக்கும். இதெல்லாம் வியாதி இல்ல, அவங்கவங்க அமைப்பு. உங்களுக்கு வயசும் பிரஷரும் சேர்ந்து குழாய் நீண்டிருக்கு. இருக்கற இடத்துல நீளம் கூடினா வளைஞ்சுதானே ஆகணும்?”

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. தோள் அளவைவிடத் துணி கூடிப்போனால் சுருக்கம் விழாமல் என்ன செய்யும்? வெளியே காலர் அளவு மாறாமலே உள்ளே இவ்வளவும் நடந்திருக்கிறது. கழுத்தை மனப்பாடமாகத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. அது அந்த அறையிலேயே கழன்று விழுந்தது.

ஷம்ஷாத் நடுவில் புகுந்தாள். “அப்ப அதை எடுக்க மாட்டீங்களா?”

“எடுக்கக் கூடாதும்மா. அது அவருக்கு வேணும்.”

“அப்படியே உள்ளேயே இருக்குமா?”

“இருக்கும். துடிச்சுக்கிட்டே இருக்கும். பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடணும், வருஷத்துக்கு ஒரு தரம் வந்து காட்டணும். முக்கியமா, இனிமே யார் இவர் தொண்டையைத் தொட வந்தாலும், பல் டாக்டரா இருந்தாலும் சரி, முதல்ல இதைச் சொல்லணும்.”

“இவரு மயக்கமா கிடந்தா யாரு சொல்லுவா?” என்றாள் ஷம்ஷாத். நியாயமான கேள்வி. அட்டை ஒன்று தருகிறோம், பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். ஷம்ஷாத் தலையாட்டினாள், ஆனால் அவளுக்குத் திருப்தியில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நான் பர்ஸை மறந்துவிட்டுத்தான் பாதி நாள் வெளியே போவேன்.

வார்டுக்குத் திரும்பியதும் எத்திராஜ் விசாரித்தார். சொன்னேன். “அப்போ உனுக்குக் கட்டியே இல்ல, சும்மா ரோடு வளைஞ்சிகினு போவுது. டைவர்ஷன்,” என்றார். “நேராக்கலையா?” 

“நேராக்க மாட்டாங்களாம்.”

“வுடு பாய். என்னை நேராக்கினதே போதும்.”

பில் கவுன்டரில் செய்யாத ஆபரேஷனுக்கும் சேர்த்துப் பணம் போட்டிருந்தார்கள். ஷம்ஷாத் சண்டை போட்டுக் கழித்தாள். அவள் பழைய குரலுக்குத் திரும்பிவிட்டாள் என்று அப்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது. ஆட்டோவில் வீடு திரும்பும்போது, மந்தைவெளியில் மேம்பாலத்தில் ரயில் போனது. எல்லாம் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் மெதுவாக, இன்னொருவருடைய தெருவைப் போல இருந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஜெயா மாமி கடைக்கு வந்தார். அவருடைய பழைய அளவு ஜாக்கெட்டை நான் எடுக்கவில்லை. இன்ச் டேப்பை ஷம்ஷாதிடம் கொடுத்தேன். அவள் மாமியைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய், ஒவ்வொரு அளவாகச் சத்தம்போட்டுச் சொன்னாள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதினேன். மாமியின் வலது தோள் இடது தோளைவிட அரை இஞ்சு இறக்கம். இத்தனை வருடமாக இரண்டையும் ஒன்றாக வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது எங்கள் கடையில் ஆளை அளப்பதுதான் வழக்கம். அலமாரியிலிருந்த துணிப்பைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

குணமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? கட்டி இல்லை, ஆனால் உருண்டை இருக்கிறது. விழுங்கும்போது இன்னும் தலையைச் சாய்க்கிறேன். வலது பக்கம் படுத்தால் காதுக்குள் அந்த மெஷின் ஓடுகிறது. பயமாக இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது நின்றுவிடுமோ என்பதுதான் இப்போது பயம்.

ஒரு நாள் காலையில் சட்டையை மாட்டும்போது பிடரியில் ஏதோ குத்தியது. கழற்றிப் பார்த்தேன். காலருக்கு உள்ளே, கம்பெனிச் சட்டைகளில் அளவு எழுதியிருக்கும் இடத்தில், வெள்ளைத் துணித்துண்டு ஒன்று தைத்திருந்தது. சிவப்பு நூலில் கையால் தைத்த எழுத்து. ஹெம்மிங் அவ்வளவு நேர்த்தியாகப் போடுகிறவளுக்கு எழுத்து மட்டும் கோணல்மாணலாகத்தான் வரும். ‘தொண்டையில் இருப்பது கட்டி அல்ல. ரத்தக்குழாய். வெட்டாதீர்கள்.’ அதற்குக் கீழே அவளுடைய மொபைல் நம்பர்.

பீரோவைத் திறந்தேன். எல்லாச் சட்டையிலும் இருந்தது. துவைத்து ஒதுக்கி வைத்த பழைய சட்டைகளில், பெருநாளுக்கு எடுத்த புதியதில், கிழிந்துபோய் வீட்டில் மட்டும் போடுகிற இரண்டிலும்கூட. மொத்தமாக வெட்டி எடுத்துவிடுங்கள் என்று டாக்டரிடம் கெஞ்சியவள், எப்போது உட்கார்ந்து இத்தனையும் தைத்தாள் என்று தெரியவில்லை.

மெஷினில் குனியும்போதெல்லாம் அது பிடரியில் உறுத்துகிறது. கத்தரி கையிலேயேதான் இருக்கிறது. பிரித்து எடுக்க ஒரு நிமிடம் ஆகாது. நான் எடுக்கவில்லை.